கடைசி அத்தியாயத்தில் அவளை ராஜினாமா செய்ய வைக்காதீர்கள்

காதல் நாவல்களைத் தேர்ந்தெடுத்து வெளியிடும் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். பொருத்தம் பார்க்கும் கணினி, தொழிலில் கெட்டிக்கார நாயகி, முடிவில் அவள் நீட்டும் ராஜினாமாக் கடிதம். இதே வார்ப்பில் இன்னொரு நாவலும் வந்துவிட்டது. காதலா வேலையா என்ற பழைய விவாதம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எங்கள் கோரிக்கை ஒன்றே: காதல் கைகூட அவள் வேலையை விடும் முடிவை இனி ஏற்காதீர்கள்.

கோளாறு, அந்தக் கணினி இருவரிடமும் நிரப்பி வாங்கும் வினாத்தாளிலேயே தொடங்கிவிடுகிறது. பொருத்தம் பார்க்கும் நிரலில் விட்டுக்கொடுக்க முடியாத நிபந்தனை வேறு, விருப்பம் வேறு. நிபந்தனைக்கு ஒத்துவராதவரை நிரல் முதலிலேயே கழித்துவிடும். விருப்பத்துக்குச் சில மதிப்பெண் கூடும், குறையும், அவ்வளவுதான். இந்த நாவல்களில் நாயகனின் ஊரும் வேலை நேரமும் நிபந்தனை. அறுவை சிகிச்சை மருத்துவரான நாயகியின் இரவுப்பணியோ இசை ரசனைக்குப் பக்கத்தில், விருப்பங்களோடு கிடக்கிறது. பிறகு திரையில் 98 சதவீதம் என்று மின்னுகிறது. அவளுடைய இரவுகளைக் கணக்கில் சேர்க்காத 98 அது. இருநூறு பக்கம் கழித்து அந்த இரவுப்பணிதான் இருவருக்கும் சண்டை. தீர்வு மட்டும் அவள் தலையில். வினாத்தாளில் அந்த ஒரு வரி இடம் மாறியிருந்தால் அவன் அவள் பட்டியலுக்கே வந்திருக்க மாட்டான். வர வேண்டுமென்றால் தன் ஊரையோ நேரத்தையோ அவன் தளர்த்தியிருக்க வேண்டும். எழுத வேண்டிய கதை அங்கேதான் இருக்கிறது.

யார் முதலில் சம்மதம் கேட்பது என்பதும் சின்ன விஷயமல்ல. கணிதவியலாளர்கள் டேவிட் கேலும் லாயிட் ஷாப்லியும் 1962இல் வெளியிட்ட, இணை சேர்க்கும் முறையில், ஒரு தரப்பு தன் விருப்பப் பட்டியலின் உச்சியிலிருந்து ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே இறங்கும். மறுதரப்பு வந்தவரைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டு, மேலானவர் வந்தால் மாற்றிக்கொள்ளும். கிடைப்பது நிலையான பொருத்தம்: தங்கள் இணையை விட்டு ஒருவரோடொருவர் சேர விரும்பும் இருவர் அதில் இருக்க மாட்டார்கள். ஆனால் நிலையான பொருத்தங்களுக்குள் கேட்கும் தரப்புக்கு ஆகச் சிறந்த இணை அமைகிறது. காத்திருக்கும் தரப்புக்கு ஆகக் கடைசி இணை. அமெரிக்காவில் மருத்துவப் பயிற்சி இடங்களை நிரப்பும் முறையைக்கூட 1998இல், விண்ணப்பிக்கும் மருத்துவர்களே கேட்கும் தரப்பாக இருக்கும்படி மாற்றினார்கள். உங்கள் நாவல்களில் இன்னும் ஆண்களே கேட்கிறார்கள், பெண்கள் காத்திருக்கிறார்கள்.

வேலை என்பதே இந்தக் கதைகளில் வெறும் உடுப்பாகிவிட்டது. முதல் அத்தியாயத்தில் ஒரு கூட்டம், ஒரு மடிக்கணினி. அதன்பின் அவளுக்கு மேலதிகாரியும் இல்லை, கெடுவும் இல்லை. அவள் விலகும்போது பொறுப்பை யாரிடம் ஒப்படைத்தாள் என்று ஒரு வரி கிடையாது. படித்து, உழைத்து, அந்த நாற்காலிக்கு வந்த வாசகிக்கு இது அவமதிப்பு.

கோபத்தில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவோடு கேட்கிறோம்: அடுத்த கையெழுத்துப் பிரதி வந்ததும் எழுத்தாளரிடம் வினாத்தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அவள் வேலை எந்தப் பக்கம் இருக்கிறது, யார் முதலில் கேட்கிறார் என்று சரிபாருங்கள். கடைசி அத்தியாயத்தில் அவள் மறுநாள் பணிக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
காதல் நாவல்களை விடாமல் வாசிப்பவர்கள்