எழுந்திருப்பது சரி, படிப்பது எப்படி?

ஆசிரியருக்கு,

உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வந்த முன்னேற்றக் குறிப்புகளைப் பார்த்தேன். அதிகாலை 4 மணிக்கு எழு, இலக்கை எழுதிச் சுவரில் ஒட்டு, கைப்பேசியைத் தள்ளி வை. எல்லாம் சரி. எழுந்த பிள்ளை புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லையே!

கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகள் பெரும்பாலும் செய்வது, வண்ணப் பேனாவால் கோடு போட்டுத் திரும்பத் திரும்ப வாசிப்பதுதான். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். புத்தகத்தை மூடினால்தான் குட்டு வெளிப்படும். ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள், மறுபடி வாசிப்பதையும் நினைவிலிருந்து எழுதுவதையும் ஒப்பிட்டு 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். பரீட்சை என்ன 5 நிமிடத்திலா வருகிறது?

என் வகுப்பில் முதல் வேலையே முந்தைய பாடத்தை வெற்றுத்தாளில் எழுதுவதுதான். மதிப்பெண் கிடையாது. முதலில் முனகுவார்கள், அப்புறம் பழகிவிடும்.

அந்த 4 மணி விஷயம். 13 முதல் 18 வயது வரை தினமும் 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமியின் பரிந்துரை. 11 மணிக்குப் படுப்பவனை 4 மணிக்கு எழுப்பினால் கணக்கு உதைக்கிறது.

அடுத்த வாரம் அறிவுரைக்குப் பதில் சில கேள்விகளைப் போடுங்கள். விடைகள் மறுநாள் வரட்டும். அதே பக்கத்தில் தலைகீழாக அச்சிட்டால் பேப்பரைத் திருப்பிப் பார்த்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்