பின்வரிசைப் பையன்கள் கட்டிய பாட்டு

கோவிலை நடத்தும் சொசியேத்தே (சங்கம்) பெரியவர்களுக்கும், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை எடுத்து நடத்தும் மிஸ்மார்களுக்கும் வணக்கம்.

நான் மொரிஷியசுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து 14 வருஷம் ஆகிறது. மகனுக்கு 9 வயது, மகளுக்கு 4. இரண்டு பேரையும் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு வருவது நான்தான். வாசல் பக்கம் உட்காரும் அம்மாக்களில் கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறவள் என்று சொன்னால் உங்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும். இதை நேரிலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல வந்த இரண்டு தடவையும் பிரசாதம் கொடுக்கிற நேரமாகிப் பேச்சு எங்கோ போய்விட்டது. அதனால் எழுதுகிறேன். தீவில் இதே மாதிரி வகுப்பு நடத்தும் மற்றக் கோவில்காரர்கள் கண்ணிலும் பட்டால் நல்லதுதான்.

விஷயம், வகுப்பில் போட்டுக் காட்டுகிற கார்ட்டூன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை ஹாலில் திரை கட்டி 'கைவீசம்மா' பாட்டு ஓடியது. பன் மாதிரிக் கன்னமும் தட்டு அகலக் கண்ணுமாக ஒரு பொம்மைப் பாப்பா. முன்னால் பாயில் இருந்த சின்னதுகளுக்கு ஒரே குஷி. என் மகள் வீசிய வீச்சில் பக்கத்துப் பிள்ளை மூக்கு தப்பியதே பெரிது. பின்னால் நாற்காலிகளில் 8, 9, 10 வயதுக்காரர்கள். "எல்லாரும் கை வீசணும்" என்று மிஸ் சொன்னதும் என் மகன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். பக்கத்துப் பையன் முணுமுணுத்தான்: "சா பூ பாபா சா." இதெல்லாம் பாப்பாக்களுக்கு என்று அர்த்தம். இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, வெளியூர்க்காரர் யாராவது படித்தால் உதவும் என்று எழுதினேன்.

திரையில் பாப்பா மிட்டாய் வாங்கக் கடைக்குக் கிளம்பியபோது பின்வரிசையிலிருந்து வேறு பாட்டு வந்தது.

"காத்தோ பிமா வாங்கலாம் கைவீசு, மிஸ்ஸுக்குக் கொடுக்காதே கைவீசு."

நாலு பேர், ராகம் கொஞ்சமும் பிசகாமல். ஹால் முழுக்கச் சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. இரண்டு பேர் சுவரைப் பார்த்து நிற்க வேண்டியதாயிற்று. அதில் ஒருவன் என் வீட்டுப் பிள்ளை.

தண்டனையைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் கிடையாது. மிஸ்ஸைக் கேலி செய்தால் நிற்கத்தான் வேண்டும், வீட்டிலும் அவனுக்குக் கிடைத்தது. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். அன்று காலை முழுக்க அந்த ஹாலில் பிள்ளைகள் தாங்களாகக் கட்டிச் சொன்ன தமிழ் வரி அது ஒன்றுதான். மற்றதெல்லாம் நாம் சொல்ல, அவர்கள் திருப்பிச் சொன்னது. நம் பருப்பு வடைக்குத் தம்பி மாதிரியான காத்தோ பிமாவைத் தமிழ்ப் பாட்டுக்குள் தாளம் தட்டாமல் உட்கார வைத்திருக்கிறார்கள், அதற்கே ஒரு சாமர்த்தியம் வேண்டும்.

வீட்டுக்கு நடக்கும்போது திட்டி முடித்துக் கொஞ்சம் ஆறியிருந்தேன். அவன் கேட்டான்: "அம்மா, மிஸ்ஸுக்குத் தராதேன்னு பாடணுமா, கொடுக்காதேன்னு பாடணுமா? அவன் தராதேன்னு சொன்னான், நான்தான் மாத்தினேன்." எனக்குச் சிரிப்பதா என்ன செய்வதா என்று தெரியவில்லை. எனக்கு, உனக்கு என்றால் தருவது; அவனுக்கு, அவளுக்கு என்றால் கொடுப்பது. தொல்காப்பியம் சூத்திரம் போட்டுச் சொல்கிற விஷயம் இது. தமிழ்நாட்டிலேயே இன்று பாதிப் பேர் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. சுவரைப் பார்த்து நின்ற பையன் அதைக் காதாலேயே கண்டுபிடித்து, கேலிப் பாட்டில் திருத்தமும் போட்டிருக்கிறான்.

இந்தப் பிள்ளைகளுக்குத்தான் நாம் கைவீசம்மா காட்டிக்கொண்டிருக்கிறோம்.

பாப்பா கார்ட்டூனை நான் மட்டமாகச் சொல்லவில்லை. அது தெரிந்தே அப்படிச் செய்யப்படுவது. 1996-ல் அமெரிக்காவில் 'ப்ளூஸ் க்ளூஸ்' என்று ஒரு நிகழ்ச்சி வந்தது. திங்கள் முதல் வெள்ளிவரை ஐந்து நாளும் ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். சின்னப் பிள்ளைகள் அலுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் புரிந்து, இன்னும் சத்தமாகப் பதில் சொன்னார்கள். டோரா நம்மைப் பார்த்துக் கேள்வி கேட்டுவிட்டுக் கண்ணைக் கொட்டிக்கொண்டு காத்திருப்பாளே, அந்த இடைவெளியும் 3, 4 வயதுப் பிள்ளை யோசித்து வாய் திறக்க எடுக்கும் நேரத்துக்காக வைத்தது. என் மகள் அந்த இடைவெளியில் கத்துகிற கத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். 9 வயதுக்காரனுக்கோ பதில் அரை நொடியில் தெரிந்துவிடும். மிச்ச நேரமெல்லாம் தன்னை யாரோ மடையன் என்று நினைத்துக் காத்திருப்பது போலத்தான் இருக்கும்.

இதைத் தொலைக்காட்சிக்காரர்களே எப்போதோ ஒத்துக்கொண்டுவிட்டார்கள். அமெரிக்காவில் 1997-லிருந்து சிறுவர் நிகழ்ச்சிகளுக்கு இரண்டு முத்திரை: எல்லாக் குழந்தைக்கும் ஒன்று, 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஒன்று. நிஜம் எது, கற்பனை எது என்று பிரித்துப் பார்க்கிற வயது என்பதுதான் அந்த ஏழின் கணக்கு. நம் வீடுகளில் ஓடும் பிரெஞ்சு சேனல்களில் 10 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பார்க்க வேண்டாம் என்று மூலையில் ஒரு சின்ன வட்டம் வரும், கவனித்திருப்பீர்கள். என் மகன் தன் பிறந்த நாளுக்குக் காத்திருப்பது கேக்குக்காக இல்லை, அந்த வட்டத்துக்காக.

பிரெஞ்சில் அவனுக்குப் படிக்கட்டு இருக்கிறது. 3 வயதில் கரடிக்குட்டி, 6 வயதில் கொஞ்சம் சாகசம், இப்போது முகமூடி போட்டுப் பாரிசைக் காப்பாற்றும் பெண்ணும் ஜப்பான் கடற்கொள்ளைக்காரப் பையனும். ஒவ்வொரு வயதிலும் பிரெஞ்சு அவனுக்காக ஒரு படி மேலே காத்துக்கொண்டு நிற்கிறது. தமிழில் முதல் படி இருக்கிறது. அதற்கு மேல் கால் வைத்தால் நேரே மாமியார் பார்க்கிற சீரியல்தான். அங்கே ஒருத்தி இன்னொருத்தியின் பாலில் விஷம் கலக்கிறாள். நடுவில் எதுவும் கிடையாது, அதாவது அவன் கண்ணில் பட எதுவும் கிடையாது. பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பீரியட் இருக்கிறது, சரி, அதற்குப் பரீட்சையும் இருக்கிறது. பரீட்சைக்குப் படிப்பதை எந்தப் பிள்ளையும் ஆசைப்பட்டுத் திறந்து பார்ப்பதில்லை.

போன வாரம் அவன் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தமிழ் பாப்பாவுக்கும் ஆயாவுக்கும்மா." கோபமாகச் சொல்லவில்லை. மழை வருது என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னான். அவன் வளர்ந்து வெளியே வந்தது பாப்பா கார்ட்டூனை விட்டு. தமிழ் அந்தக் கார்ட்டூனுக்குள் மட்டும் இருந்ததால், கழற்றிப் போட்ட சின்னச் சட்டையோடு அதுவும் போகிறது.

இதற்காகச் சின்னவர்களின் பாட்டை நிறுத்திவிட வேண்டாம், அது என் மகளுக்கு வேண்டும். பெரியவனைப் பிடித்து இழுத்து 'நீ வளர்ந்துட்டே, அதைப் பார்க்காதே' என்றும் சொல்ல மாட்டேன். தங்கை பார்க்கும்போது சோபாவுக்குப் பின்னால் நின்று அவனும் பார்க்கிறான். ஏன்டா என்றால் அவளுக்குத் துணையாம். துணைக்கு நிற்கிறவன் வாயும் சேர்ந்து அசைகிறது. நான் பார்க்காத மாதிரி போய்விடுவேன். வீட்டில் அது அவன் இஷ்டம். ஆனால் கூட்டாளிகள் நடுவில் உட்கார வைத்துக் கை வீசச் சொன்னால் அவன் மானம் போகிறது, அந்த மானக்கேட்டுக்குப் பெயர் தமிழ் வகுப்பு என்று ஆகிவிடுகிறது.

எனக்கு 9 வயதில் கிடைத்தது அம்புலிமாமா. திருச்சியில் எதிர்வீட்டுத் திண்ணையில் கட்டுக்கட்டாகப் பழைய இதழ்கள் கிடக்கும். முருங்கை மரத்தில் ஏறிப் பிணத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற ராஜா, தெரிந்தே பதில் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்று மிரட்டுகிற வேதாளம். பாப்பாக் கதை என்று அதை யார் சொல்வார்கள்? முடிச்சு அவிழாமல் எங்கள் அப்பாவும் சித்தப்பாவும் சாப்பாட்டில் கைவைக்காமல் வாதம் செய்திருக்கிறார்கள்.

இந்த வருஷம் புயல் எச்சரிக்கையில் பள்ளிக்கூடம் மூடிய ஒரு நாள், கரண்ட்டும் போய்விட்டது. மெழுகுவத்தி வைத்துக்கொண்டு வேதாளம் சொன்ன சிங்கக் கதையைச் சொன்னேன். நாலு அண்ணன் தம்பிகள் காட்டில் ஓர் எலும்பைப் பார்க்கிறார்கள். ஒருவன் அதை எடுத்துச் சதை வைக்கிறான், ஒருவன் தோலும் முடியும் போர்த்துகிறான், ஒருவன் கைகால் சேர்க்கிறான், கடைசி ஆள் உயிர் கொடுக்கிறான். எழுந்த சிங்கம் நாலு பேரையும் தின்றுவிடுகிறது. யார் மேல் குற்றம்? உயிர் கொடுத்தவன் மேல் என்பது ராஜாவின் பதில். என் மகன் ஒத்துக்கொள்ளவில்லை. "மே அம்மா, தோல் போட்டவனுக்குத் தெரியுமே! முடியைப் பார்த்ததுமே சிங்கம்னு தெரிஞ்சிருக்கும். அவன் ஏன் சொல்லலே?" பாதி கிரியோல், பாதி தமிழ், தெரியாத வார்த்தைக்குக் கையால் சைகை. அவன் அப்பா, எலும்பை எடுத்தவன் மேல்தான் குற்றம் என்கிற கட்சி. முக்கால் மணி நேரம் சண்டை. காற்று ஜன்னலை அடித்துக்கொண்டிருந்தது, ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

அதற்கு மறுநாள் அவனாகவே என் பர்சிலிருந்து மொரிஷியஸ் 100 ரூபாய் நோட்டை எடுத்து, அதில் தமிழிலும் இருக்கிற 'நூறு ரூபாய்' என்பதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, இந்த ஆள் யார் என்று கேட்டான். ரெங்கநாதன் சீனிவாசன், இந்தத் தீவின் அந்தக் கால அரசியல் தலைவர், நம்மவர் என்றேன். அந்த நோட்டு விஷயத்தில் நம் பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்பது எனக்கு இங்கே வந்த பிறகுதான் தெரியும். 1998-ல் தமிழை ஓரிடம் கீழே இறக்கி அச்சடித்த நோட்டுகளை விடாமல் எதிர்த்துத் திரும்பப் பெற வைத்து, மறு வருஷம் பழைய வரிசையிலேயே வர வைத்திருக்கிறார்கள். அந்தப் பெரியவர்களில் சிலர் இப்போது சொசியேத்தேயில் இருக்கிறீர்கள். அதே பிடிவாதத்தில் கால்வாசியைப் பின்வரிசைக்காகக் காட்டுங்கள் என்று உரிமையோடு கேட்கிறேன்.

பெரிய பிள்ளைகளுக்குத் தமிழில் எதுவும் இல்லை என்று மிஸ் ஒருவர் சொன்னார். இருக்கிறது. 2007-ல் தொடங்கிய சுட்டி டிவியில் ஜாக்கி சான் கார்ட்டூனே தமிழ் பேசியது. 1972-லிருந்து சிவகாசியில் முத்து காமிக்ஸ் வருகிறது. பள்ளி நூலகத்தில் பிரெஞ்சில் அடித்துப்பிடித்துப் படிக்கிறார்களே, அந்த லக்கி லூக் சிவகாசித் தமிழில் பேசுவான். என் தம்பி அனுப்பிய இரண்டு இதழ்கள் வீட்டில் இருக்கின்றன. பிரெஞ்சில் கதை முன்பே தெரியும் என்பதால் தெரியாத தமிழ் வார்த்தையை மகன் ஊகித்துக்கொண்டே போகிறான், நான் அகராதி ஆக வேண்டியிருக்கவில்லை.

டப்பிங் தமிழ் கொச்சையாக இருக்கும் என்பது இன்னொரு கவலை. கொச்சைதான். எங்கள் திருச்சித் தமிழும் கொச்சைதான். இந்த வயதுப் பிள்ளைக்கு நக்கலும் சவடாலும் இல்லாத மொழி எதற்கு? செந்தமிழைப் பாடப்புத்தகம் பார்த்துக்கொள்ளட்டும்.

மிஸ் ஒருவரே 4 வயதையும் 10 வயதையும் ஒரே ஹாலில் வைத்துச் சமாளிக்கிறார், அதுவும் சம்பளம் இல்லாமல். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆகவே அவர் தலையில் இன்னொரு வேலையைக் கட்ட வரவில்லை. இடைவேளைக்குப் பிறகு அரை மணி நேரம் பின்வரிசையை என்னிடம் விடுங்கள். ஒரு வாரம் வேதாளம். ஒரு வாரம் காமிக்ஸ். இன்னொரு வாரம், அவர்களுக்குப் பிடித்த பிரெஞ்சுக் கார்ட்டூன் இரண்டு நிமிஷத்தைச் சத்தம் இல்லாமல் ஓட்டி அவர்களையே தமிழில் பேசச் சொல்லப்போகிறேன். இதை வீட்டில் ஒரு தடவை செய்து பார்த்தோம். வில்லன் "போடா காத்தோ பிமா" என்றான். பாரிஸ் நகரமே ஆடிப்போய்விட்டது.

புரொஜெக்டர் வேண்டாம், என் லேப்டாப் போதும். நாற்காலியும் நாங்களே தூக்கிக்கொள்வோம். மடப்பள்ளிக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறை காலியாகத்தான் கிடக்கிறது, சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். அது யாரிடம் இருக்கிறது என்று மட்டும் வரும் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசல் பக்கத்து அம்மா