எட்டு வயது வரை பென்சில், அப்புறம் பத்து விரலுக்கும் கீபோர்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குழந்தைகளுக்குக் கணினியை எந்த வயதில் தொடங்கலாம் என்று உங்கள் நாளிதழில் வாசகர்கள் எழுதிவருவதைப் படிக்கிறேன். நான் தட்டச்சு ஆசிரியை. டைப்ரைட்டர் காலத்திலிருந்து பிள்ளைகளின் விரல்களைப் பார்த்தே பழகியவள். என்னைக் கேட்டால், எட்டு வயதுக்கு முன் கீபோர்டு வேண்டாம். எட்டு, ஒன்பதில் தொடங்கும்போது பத்து விரலுக்கும் முறையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஐந்து வயதுக் குழந்தையை கீபோர்டு முன்னால் உட்காரவைத்துப் பாருங்கள். கால் தரையில் எட்டாது. மணிக்கட்டு மேசை விளிம்பில் அழுந்தும். இடது சுண்டுவிரலால் 'ஏ'யை அழுத்தச் சொன்னால் கையே சாய்ந்து மற்ற விரல்களும் இடம் மாறிவிடும். வகுப்பில் படிப்பது ஆங்கிலச் சின்ன எழுத்து. விசைகளில் இருப்பதெல்லாம் பெரிய எழுத்து. பாவம், சின்ன 'ஜி'யைத் தேடிக் கண் அலையும். கடைசியில் ஆள்காட்டி விரலால் ஒவ்வொன்றாகக் குத்தத் தொடங்கிவிடும். அந்தப் பழக்கம்தான் எனக்குக் கவலை. ஒற்றை விரலிலேயே மளமளவென்று அடிக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பத்து விரல் முறையைச் சொன்னால், "இதுல மெதுவாத்தான் வருது மிஸ்" என்று நான் திரும்புவதற்குள் பழையபடி குத்த ஆரம்பித்துவிடும். ஒன்றுமே தெரியாமல் வரும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது எவ்வளவோ சுலபம்.

அந்த வயதில் கை செய்யவேண்டிய வேலை வேறு. அமெரிக்காவில் கேரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் இருவரும் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளை எழுத்துகளைக் கையால் எழுதவும் விசையில் தட்டவும் வைத்தார்கள். பிறகு அதே எழுத்துகளைக் காட்டியபோது, வாசிப்புக்கான மூளைப் பகுதிகள் கையால் எழுதியவற்றுக்குத்தான் விழித்துக்கொண்டன. தமிழில் இது இன்னும் முக்கியம். 'ண'வுக்கும் 'ன'வுக்கும் எத்தனை சுழி என்பது கை சுழித்துச் சுழித்துத்தான் மனதில் ஏறும். கீபோர்டில் எதுவானாலும் ஒரு தட்டுதான். பென்சில் பிடிப்பதே சிரமமான பிள்ளைகளுக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்களுக்கு முன்னாலேயே கொடுத்துவிடலாம்.

எட்டு வயதில் எழுத்தின் வடிவத்தை யோசிக்காமல் எழுத வந்துவிடும், விரலும் ஓரளவு நீண்டிருக்கும். அப்போது தொடங்குங்கள். பாதத்துக்கு அடியில் ஒரு பலகை. எஃப், ஜே விசைகளில் இருக்கும் சின்ன மேட்டைத் தடவி விரல் வைக்கப் பழக்குங்கள். கையை ஒரு துணியால் மூடிவிட்டு, "ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே" என்று தினமும் கால் மணி நேரம் போதும். வேகத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். தப்பில்லாமல் அடித்தால் வேகம் தானே வரும். தமிழுக்கும் அப்போதே தமிழ்99 என்ற விசை அமைப்பைக் காட்டிவிடலாம். உயிரெழுத்துகள் இடது கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலது கையிலுமாகப் பிரிந்திருப்பதால் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். கீழ் வகுப்புகளில் மானிட்டர், மவுஸ் என்று பாகங்களை மனப்பாடம் செய்யவைக்கும் கணினிப் பாடவேளையைப் படம் வரையவும் எழுதவும் கொடுத்துவிடுங்கள். மூன்றாம் வகுப்பில் ஸ்லைடு தயாரிக்கச் சொல்லும் வேலையையும் தள்ளிவையுங்கள். அந்த ஒரு வருடம் முழுக்க விரல் பயிற்சி மட்டும் நடக்கட்டும்.

இப்படிக்கு,
தட்டச்சு ஆசிரியை ஒருவர்