உள்ளே ஒரு சாவி, வெளியே ஒரு சாவி

வீட்டுக் கதவுப் பூட்டுகளை வடிவமைக்கும், தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

இருபுறமும் சாவி போடும் சிலிண்டர் பூட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. எனக்குத்தான் அதைப் பற்றி எதுவும் தெரியாமல் இருந்தது. பூட்டிய கதவுக்கு முன்னால் போன மாதம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நின்றதில் நிறையவே கற்றுக்கொண்டேன்.

என் அம்மாவுக்கு 78 வயது. பகலில் வீட்டில் தனியாக இருப்பார். வாசல் கதவை உள்ளிருந்து பூட்டிவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிடுவார். மறதியில் இல்லை, யோசித்துத்தான். சாவியை எடுத்து எங்கேயாவது வைத்தால், அவசரத்துக்கு வெளியே ஓட வேண்டிய நேரத்தில் அதைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டுமே என்பது அவர் கணக்கு. அது தப்பான கணக்கு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அன்று கூடத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். கைபேசி கைக்கெட்டும் தூரத்தில் கிடந்ததால் என்னை அழைத்தார். நான் என் சாவியோடு ஓடி வந்தேன். பூட்டில் போட்டால், சாவி முழுவதும் உள்ளே போகாமல் நின்றுவிட்டது. வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி போட்டேன். மறுபடி அதே கதை. சாவி மாறிவிட்டதோ என்று கொத்தில் இருந்த எல்லாச் சாவிகளையும் போட்டுப் பார்த்தேன். அப்புறம்தான் உள்ளே இருந்து அம்மா சொன்னார்: "சாவி இந்தப் பக்கம் பூட்டுலயே இருக்குப்பா. என்னால எழுந்திருக்க முடியலையே."

அவர் கிடந்த இடத்திலிருந்து கதவுக்கு ஆறடிகூட இருக்காது. சரியான சாவி அவர் பக்கம் ஒன்று, என் பக்கம் ஒன்று. நடுவில் உங்கள் பூட்டு.

பழைய நெம்புகோல் பூட்டாக இருந்தால் ஒரு வழி இருந்தது. அதில் சாவித் துவாரம் கதவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை திறந்தே இருக்கும். கதவுக்கடியில் ஒரு செய்தித்தாளைச் செருகி, துவாரத்தில் கம்பியை விட்டு உள்சாவியைத் தள்ளினால், கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் அது தாளில் விழும். தாளை இழுத்தால் சாவி கைக்கு வந்துவிடும். சிலிண்டரில் அதற்கும் வழியில்லை. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி உருளை. நடுவில், தாழை நகர்த்தும் நாக்கு. எந்தப் பக்கம் சாவி நுழைகிறதோ அதன் நுனி நடுவில் இருக்கும் கிளட்ச் என்ற சிறு இணைப்புத் துண்டைத் தள்ளி, அந்தப் பக்க உருளையை நாக்கோடு இணைக்கிறது. ஒரு பக்கம் ஏற்கெனவே சாவி இருந்தால் மற்றப் பக்கத்துக்கு வேலை இல்லை. கெட்டிக்காரத்தனமான அமைப்புதான். கதவுக்கு உள்ளே யாரும் விழமாட்டார்கள் என்றால் குறையே சொல்லமாட்டேன்.

பூட்டுத் திறப்பவர் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. அவர் பூட்டைத் திறக்கவில்லை, உடைத்தார். சிலிண்டரைக் கதவில் பிடித்து நிறுத்தும் திருகாணிக்காக நடுவில் ஒரு துளை இருக்கிறதே, அங்கேதான் உலோகம் மெலிவாம். வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனையைப் பிடித்து ஒரு முறுக்கு, இரண்டாகிவிட்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திருடர்களுக்கும் இந்த இடம் நன்றாகத் தெரியும் என்று வேறு சொன்னார். ஆக, சாவியே இல்லாதவனுக்கு ஒரு நிமிடம். சாவி வைத்திருக்கும் மகனுக்கு வழியே இல்லை.

எனவே என் கோரிக்கை இதுதான்: உள்ளே சாவி இருந்தாலும் வெளியிலிருந்து சாவி போட்டுத் திறக்க முடியாத சிலிண்டரை வீட்டு வாசல் கதவுக்கென்று விற்காதீர்கள்.

முடியாததைக் கேட்கவில்லை. மறுபக்கம் சாவி இருந்தாலும் திறக்கும் இரட்டைக் கிளட்ச் சிலிண்டர்கள் ஏற்கெனவே சந்தையில் இருக்கின்றன. அதை ஒரு கூடுதல் வசதியாக, கேட்டு வாங்குபவருக்கு மட்டும் தருகிறீர்கள். கேட்க வேண்டும் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? பூட்டோடு வந்த தாளைப் பிறகு தேடி எடுத்துப் படித்தேன். "சாவியை உட்புறத்தில் விட்டுவைக்க வேண்டாம்" என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. பூட்டின் குறை அந்த ஒரு வரியில் அம்மாவின் குறையாகிவிட்டது.

உங்கள் தொழிலுக்குப் பெருமை எப்போதும் திறக்காமல் இருப்பதில்தான். 1851இல் லண்டன் கண்காட்சியின்போது ஆல்பிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், சாவியில்லாமல் திறக்கவே முடியாது என்று பெயர்பெற்ற பிராமா பூட்டைத் திறந்து காட்ட 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் எடுத்துக்கொண்டார் என்பதைப் பூட்டுக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். சரி, பெரிய விஷயம்தான். சீக்கிரம் திறக்க வேண்டிய கதவைப் பற்றி எப்போது யோசித்தீர்கள்? 1903இல் சிகாகோவின் இரோகுவாய் அரங்கம் தீப்பிடித்து 600 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே சில வெளிவாசல்களில் மக்களுக்குப் பழக்கமில்லாத தாழ்கள் இருந்தன. கதவருகே போய்ச் சேர்ந்தவர்களுக்கும் அவற்றைத் திறக்கத் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான், உடம்பால் தள்ளினாலே திறக்கும் குறுக்குக் கம்பிக் கதவு அமெரிக்காவில் பரவியது. வீட்டுக் கதவுக்கும் அப்படி எத்தனை பேர் இறந்தார்கள் என்று யாராவது கணக்குக் கொடுத்தால்தான் நகர்வீர்களா?

இன்னொன்று. விழுந்ததில் அம்மாவின் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் குளியலறைக் கதவில் இருக்கும் உருண்டைக் கைப்பிடியை நான் கவனித்துப் பார்த்தேன். இறுக்கிப் பிடிக்க வேண்டும், மணிக்கட்டைத் திருப்ப வேண்டும், கை ஈரமாக இருக்கக் கூடாது. குளியலறையில் கை ஈரமாக இருக்கக் கூடாதாம்! நீளக் கைப்பிடி என்றால் முழங்கையால் அழுத்தினாலும் திறந்துவிடும். அந்த உருண்டையில் எத்தனை நிறம், எத்தனை மெருகு, எத்தனை பூவேலை வைத்திருக்கிறீர்கள் என்று உங்கள் விலைப்பட்டியலில் பார்த்து வியந்தேன். இப்போது விரல் ரேகையிலும் கைபேசியிலும் திறக்கும் பூட்டுகள் வேறு. தூரத்து ஊரில் உட்கார்ந்துகொண்டு என் வீட்டுக் கதவைத் திறக்க வைத்துவிட்டீர்கள். வாசலில் கையில் சாவியோடு நிற்பவனுக்கு ஏதாவது செய்யக் கூடாதா?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்க வந்தது ஒன்றுதான். உள்ளே சாவி இருந்தாலும் வெளிச்சாவி வேலை செய்யட்டும். அது கூடுதல் வசதியாக இல்லாமல் எல்லா வாசல் கதவுச் சிலிண்டருக்கும் பொதுவாக இருக்கட்டும். அந்த மாற்றம் வரும்வரை, திறக்காத வகைச் சிலிண்டரின் பெட்டியில் முன்பக்கத்திலேயே, நிறுவனத்தின் பெயர் அளவுக்குப் பெரிய எழுத்தில், "உள்ளே சாவி இருந்தால் வெளியிலிருந்து திறக்காது" என்று அச்சிடுங்கள். வாங்குகிறவர் படித்துவிட்டு முடிவு செய்துகொள்ளட்டும்.

எங்கள் கதவுக்கு இப்போது இரட்டைக் கிளட்ச் சிலிண்டர் போட்டாயிற்று. அம்மா வழக்கம்போல் சாவியைப் பூட்டிலேயே விடுகிறார். தினமும் மாலையில் நான் வெளியிலிருந்து ஒரு முறை திறந்து பார்த்துக்கொள்கிறேன்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
வாசலில் நின்ற வாடிக்கையாளன்