ஃப்ளைட் சிமுலேட்டர் 2004-ஐத் திறந்துவிடுங்கள்: உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உரிமையாளர்களுக்கு,

வணக்கம். விஷயம் உங்களுக்குத் தெரியாததல்ல, அதனால் நேராக வருகிறேன். 2003இல் வெளிவந்த, விமானம் ஓட்டும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணினி விளையாட்டான ஃப்ளைட் சிமுலேட்டர் 2004இன் அசல் சிடி இன்றைய விண்டோஸில் ஓடுவதில்லை. அதிலுள்ள சேஃப்டிஸ்க் என்ற திருட்டுத் தடுப்புக்கு வேண்டிய டிரைவர் என்னும் துணை மென்பொருளை 2015இல் விண்டோஸ் 10 கைவிட்டுவிட்டது. டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருந்தது, எடுத்தது சரிதான். ஆனால் அதை நம்பியிருந்த விளையாட்டுக்கு என்ன வழி? சிடி கேட்காமல் ஓட ஒரு சின்ன பேட்ச் (திருத்த மென்பொருள்) கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இதுவரை ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினி கைகொடுத்தது. போன மாதம் அதன் மதர்போர்டு போய்விட்டது. புது லேப்டாப்பில் சிடி டிரைவை மாட்டி, நான்கு சிடியில் கடைசியைப் போட்டால் (ஆடுவதற்கு அதுதான் உள்ளே இருக்க வேண்டும்), உறுமுகிறது, திரையில் வட்டம் சுற்றுகிறது, அவ்வளவுதான்.

அரதப் பழசுக்கு ஏன் இந்தப் பாடு என்பீர்கள். ரைட் சகோதரர்கள் பறந்து நூறாண்டு ஆனதையொட்டி வந்த பதிப்பு அது. அமெரிக்க விமானி லிண்ட்பெர்க் 1927இல் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குத் தனியாளாக 33 மணி நேரத்துக்கும் மேல் ஓட்டிப்போன ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ் அதில் இருக்கிறது. அந்த விமானத்துக்கு முன்கண்ணாடி கிடையாது, முன்னால் முழுக்க பெட்ரோல் டேங்க். விளையாட்டிலும் அப்படியே, எதிரே வெறும் கருவிகள். இறங்கும்போது ஓடுபாதை தெரிய விமானத்தைக் கோணலாகச் சறுக்கவிட்டு, பக்கத்து சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்து, தரை நெருங்கியதும் ரடரை (வால் சுக்கானை) மிதித்து மூக்கை நேராக்க வேண்டும். மரமெல்லாம் அட்டை மரம்தான், ஆனாலும் இன்றைக்கும் கை வியர்க்கிறது. சிகாகோ ஏரிக்கரையில் இருந்த மெய்க்ஸ் விமான நிலையத்தை 2003 மார்ச்சில் மேயர் டேலி ராத்திரியோடு ராத்திரியாக புல்டோசர் விட்டுப் பெயர்த்தாரே, அந்த ஓடுபாதையும் இதில் பத்திரமாக இருக்கிறது.

இப்போது கிராக் (பூட்டை உடைக்கும் திருட்டு மென்பொருள்) போட்டவன் ஜாலியாகப் பறக்கிறான், காசு கொடுத்து வாங்கியவன் தரையில் நிற்கிறான். திருடனுக்குப் போட்ட பூட்டு வீட்டுக்காரனை வெளியே நிறுத்திவிட்டது. ரொம்ப சந்தோஷம்.

புதுசு வந்திருக்கிறதே என்பீர்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஏகப்பட்ட ஜிபி இறக்கி, அப்புறம் பறக்கும்போதும் நிலப்பரப்புக்காக இணையத்தைப் பிடித்துத் தொங்க வேண்டும். நாளைக்கு சர்வரை அணைத்தால் அதற்கும் இப்படி ஒரு மடல் எழுத வேண்டியதுதான். இந்தக் காலத்தில் எதை வாங்குகிறோம், எல்லாமே வாடகைதானே. சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

புது கிராபிக்ஸ் கேட்கவில்லை, சோர்ஸ் கோடும் கேட்கவில்லை. அந்த சிடி சோதனையை மட்டும் எடுத்துவிடுங்கள். இல்லையா, 2006இல் வந்த அடுத்த பதிப்பான எஃப்எஸ்எக்ஸ் 2014இல் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடைக்கு வந்ததே, அதே மாதிரி இதையும் விற்பனைக்கு விடுங்கள், இன்னொரு தடவை காசு கொடுக்கத் தயார். இரண்டுமே முடியாதென்றால் தயவுசெய்து அதையாவது எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
அசல் சிடி வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளன்