பூனை வளர்ப்போர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, காட்பாடி, சத்துவாச்சாரி, தொரப்பாடியிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வேண்டியது, இந்த ஆண்டு நம்மை அலைக்கழித்த பூனைச் சளியைப் பற்றி.

என் வீட்டுக்கு அதைக் கொண்டுவந்ததே நான்தான். மார்கழியில் பாலாற்றங்கரையில் கிடந்த குட்டியை எடுத்துவந்து, அன்றைக்கே மற்ற இரண்டோடு விட்டுவிட்டேன். தும்மியது, பனி என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் மூன்றுக்கும் கண்ணில் பீளை, மூக்கடைப்பு. வெள்ளச்சிக்கு நாக்கெல்லாம் புண். குட்டி பிழைக்கவில்லை. இன்னும் மனசு ஆறவில்லை.

பெரும்பாலும் இதற்குக் காரணம் ஹெர்பிஸ், கேலிசி என்ற இரண்டு வைரஸ்கள். நாக்குப்புண் கேலிசியில் அதிகம். ஹெர்பிஸ் ஒருமுறை வந்தால் உடம்பிலேயே தங்கிவிடும். வீடு மாறினாலோ, தீபாவளி வெடிக்கு மிரண்டாலோ மறுபடி தலைதூக்கலாம். இந்த இரண்டும் மனிதருக்கு ஒட்டாது. ஆனால் நம் கையும் சாப்பாட்டுத் தட்டுமே அடுத்த பூனைக்குக் கொண்டுபோகும்.

அதனால் புதுப் பூனையை இரண்டு வாரம் தனி அறையில் வையுங்கள். அதன் தட்டு, மண் தொட்டி எல்லாம் தனி. அதைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தரைக்குப் பினாயில் வேண்டவே வேண்டாம், பூனைக்கு நஞ்சு. குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தடுப்பூசியைத் தொடங்கி, 3, 4 வார இடைவெளியில் 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும். ஊசி போட்டாலும் சளி வரலாம், ஆனால் கடுமை குறையும்.

மூக்கடைத்த பூனைக்கு வாசனை தெரியாது, அதனால்தான் சாப்பிடாது. நெத்திலியை வேகவைத்து வெதுவெதுப்பாக வைத்தபோதுதான் வெள்ளச்சி முகர்ந்து பார்த்தாள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். பட்டினி நீண்டால் கல்லீரல் கெடும். அப்புறம், ஓர் உறுப்பினர் காய்ச்சலுக்கு அரை பாராசிட்டமால் கொடுக்கப் போனார். நல்லவேளை, முதலில் எனக்குப் போன் செய்தார். பூனைக்கு அது உயிரையே எடுத்துவிடும்.

சங்கம் வாங்கிய இரண்டு கூண்டுகள் என் வீட்டு மாடியில் இருக்கின்றன. குட்டி எடுப்பவர்கள் வீட்டுக்குள் விடுமுன் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வாடகை கிடையாது.