அச்சகத்தார் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, மட்டக்களப்பு – 2025

தலைவர் அவர்களே, நிருவாகக் குழுவினரே, மட்டக்களப்பிலிருந்தும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்தும் வந்திருக்கும் அங்கத்தவர்களே, வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

வரவு செலவு விபரத்தைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கூட்டக் குறிப்புகள் புத்தகத்தில் இருக்கின்றன, வேண்டியவர்கள் புரட்டிப் பார்க்கலாம். கூட்டத்துக்குக் கூட்டம் மேசைக்கு வந்த விடயம் ஒன்றே ஒன்று: "கலர் மாறிப் போச்சு" என்று திரும்பி வரும் வேலை. அங்கத்தவர்கள் கொண்டுவந்த தாள்களை ஒவ்வொன்றாக லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்ததில், பெரும்பாலானவை மெஷினில் தாள் ஏறுமுன்பே கெட்டவை. கோப்பை வாங்கும்போதே திறந்து பார்த்திருந்தால் பிளேட் (அச்சுத் தகடு) காசாவது மிஞ்சியிருக்கும்.

கறுப்பு எழுத்து

அதிகம் வந்தது இதுதான். வேர்டிலும் பவர்பொயின்டிலும் அடித்துத் தரும் எழுத்தின் கறுப்பு ஆர்ஜிபி கறுப்பு, அதாவது திரையின் சிவப்பு, பச்சை, நீல ஒளிக்கான கறுப்பு. அதைப் போட்டோஷொப்பின் பழைய அமெரிக்க புரொபைலில் (நிறமாற்ற அட்டவணை) சிஎம்வைகேக்கு, அதாவது அச்சின் நான்கு மைகளுக்கு, மாற்றினால் சியான் (வெளிர்நீலம்) 75, மஜென்டா (இளஞ்சிவப்பு) 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று நான்கு மையிலும் எழுத்து ஏறி நிற்கும். கூட்டினால் 300 வீதம். 10 பொயின்ட் தமிழ் எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி அரை மில்லிமீற்றர் இருந்தால் அதிகம். ரெஜிஸ்டர் (நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுவது) 0.1 மி.மீ. விலகினாலே அந்தப் புள்ளிக்கு ஒரு பக்கம் நீலமும் மறு பக்கம் சிவப்பும் கரை கட்டும், ணகரத்தின் சுழிகள் அடைத்துப்போகும். 31ஆம் நாள் நினைவு மலரொன்றில் தேவாரப் பக்கம் முழுவதும் இப்படித்தான் இருந்தது. மெஷின்காரரில் பிழையில்லை.

சோதிக்க அரை நிமிடம் போதும். அக்ரோபட் புரோவில் நிறங்களைப் பிரித்துக் காட்டும் அவுட்புட் பிரிவியூவைத் திறந்து கறுப்புப் பிளேட்டை மட்டும் அணைத்துவிடுங்கள். எழுத்து முற்றாக மறைய வேண்டும். சாயல் ஏதாவது மிஞ்சினால் நான்கு நிறத்திலும் இருக்கிறது என்று பொருள். சிறிய எழுத்து எப்போதும் கறுப்பு 100 மட்டுமாகவும் ஓவர்பிரின்டாகவும் (கீழுள்ள நிறத்தை வெட்டாமல் அதன் மேலேயே அச்சாவது) இருக்கட்டும். பெரிய கறுப்புப் பரப்புக்குக் கறுப்பு 100 உடன் சியான் 40 சேர்த்தால் ஆழம் வரும், வெறும் 100 காய்ந்ததும் சாம்பலாகத் தெரியும்.

ஓவர்பிரின்டில் எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. கறுப்பாக இருந்த லோகோவை வெள்ளையாக மாற்றுவார்கள், ஓவர்பிரின்ட் குறியை எடுக்க மறந்துவிடுவார்கள். திரையில் வெள்ளை தெரியும், பிளேட்டில் ஒன்றும் இராது. ஓவர்பிரின்ட் பிரிவியூவைப் போட்டுப் பார்க்காமல் எந்தப் பிடிஎஃப்பையும் பிளேட்டுக்கு அனுப்ப வேண்டாம். கொழும்பில் பிளேட் போட்டு இரவு பஸ்ஸில் எடுப்பவர்களுக்கு இந்தப் பிழை இரண்டு நாள்.

பாமினியும் யுனிகோட்டும்

இந்தத் தலைவலி நமக்கென்றே அமைந்தது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்பு அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். அது கண்ணுக்குத் தெரியும் பிழை, ஆகவே ஆபத்துக் குறைவு. எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோட் எழுத்தைப் பழைய போட்டோஷொப்பில் ஒட்டும்போது கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் விழுவதுதான் கண்ணில் படாமல் தப்பிப்போவது. போட்டோஷொப்பில் தெற்காசிய மொழிக்கான டெக்ஸ்ட் எஞ்சினையும், இன்டிசைனில் வேர்ல்ட்-ரெடி கொம்போசரையும் தெரிவுசெய்தால் கொம்பு தன் இடத்துக்கு வரும். பாமினியிலிருந்து யுனிகோட்டுக்கு மாற்றியபின் ஸ்ரீ, ஷ, ஜ, மேற்கோள் குறிகள் ஆகியவற்றைக் கையால் தேடிப் பார்க்க வேண்டும்.

கோரல் ட்ரோ கோப்பில் எழுத்தைக் கேர்வ்ஸாக்கி (எழுத்துரு தேவைப்படாத வரைகோடுகளாக்கி) அனுப்புவது நல்ல வழக்கம். ஆனால் கேர்வ்ஸாக்கிய பின் எடுத்த பிரின்டில்தான் வாடிக்கையாளர் கையொப்பமிட வேண்டும். முன்னைய பிரதியில் வாங்கிய கையொப்பத்துக்கு மதிப்பில்லை.

படங்களும் ஓரங்களும்

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நீளப்பக்கம் பொதுவாக 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். அங்குலத்துக்கு 300 என்று கணக்கிட்டால் அது 13.5 சென்டிமீற்றருக்குப் போதும்: கண்ணீர் அஞ்சலித் துண்டுக்குப் பரவாயில்லை. அதே படத்தை ஏ3 சுவரொட்டிக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 97 பிக்சல்தான் கிடைக்கும். கோயில் மலருக்குப் படம் தருபவர்களிடம் "டொக்கியுமென்டாக அனுப்புங்கோ" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். போட்டோஷொப்பில் 72ஐ 300 என்று மாற்றி எழுதுவதால் படத்துக்குள் இல்லாத விபரம் வராது. இதை இன்னும் சிலர் செய்கிறார்கள்.

புளீட் (வெட்டுக் கோட்டுக்கு வெளியே நீளும் பகுதி) நான்கு பக்கமும் 3 மி.மீ., அதாவது ஏ5 பக்கம் 154க்கு 216. எழுத்து, இலக்கம், முகவரி எல்லாம் வெட்டு ஓரத்திலிருந்து 5 மி.மீ. உள்ளே. கடந்த மே 6 உள்ளூராட்சித் தேர்தல் காலத் துண்டுப்பிரசுரம் ஒன்றில் அச்சகப் பெயர்வரி ஓரத்தோடு ஒட்டி இருந்து, கட்டிங்கில் பாதி போய்விட்டது. தேர்தல் பிரசுரத்தில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லாவிட்டால் வழக்கு நம் தலையில்தான் விழும்.

நிறம்

திரையின் நீலம் தாளில் ஊதாவாகிறது என்பது பழைய முறைப்பாடு. மஜென்டா சியானுக்கு மிக அருகில் வருவதே காரணம். சியான் 100 என்றால் மஜென்டா 70ஐத் தாண்ட வேண்டாம். குறைந்தது 30 இடைவெளி இருக்கட்டும். திரையில் மின்னும் கிளிப்பச்சை நான்கு மையில் வரவே வராது, அதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை. திருமண அட்டையிலும் நிக்காஹ் அட்டையிலும் தங்கநிறம் கேட்டால் பொயில் (சூட்டில் ஒட்டும் உலோகத் தாள்) ஒட்டுவதே நல்ல வழி. பொயிலுக்கான பகுதியைத் தனிக் கோப்பில் கறுப்பு 100 வெக்டராக (பிக்சல் அல்லாத கோட்டு வரைவாக) தாருங்கள், மங்கலான நிழல் எதுவும் கூடாது.

முகங்களை வெளுப்பாக்கித் தரும் வழக்கம் பற்றி ஒரு சொல். நம்மவர் தோலுக்கு மஞ்சள் மஜென்டாவைவிடச் சற்றுக் கூடுதலாகவும், சியான் மஜென்டாவின் பாதிக்கு மேற்படாமலும் இருந்தால் முகம் இயல்பாக நிற்கும். மஜென்டா மேலோங்கினால் வெயிலில் கன்றியவர் போலாகிவிடும். இறந்தவரின் படத்தில் இதைக் குடும்பத்தார் மன்னிப்பதில்லை.

எந்தப் புரொபைலில் மாற்றுவது என்ற கேள்விக்கு பூச்சுள்ள ஆர்ட் பேப்பருக்கு ஐஎஸ்ஓ கோட்டட் வி2 (300%), பூச்சில்லாத தாளுக்கு அதற்குரிய அன்கோட்டட் புரொபைல் என்று முடிவாயிற்று. நான்கு மைகளின் கூட்டு ஆர்ட் பேப்பரில் 300 வீதம், பத்திரிகைத் தாளில் 240. இதைத் தாண்டினால் அடுக்கில் மேலே விழும் தாளின் பின்பக்கம் மை ஒட்டும். 50 வீதச் சாயலுக்கான அச்சுப் புள்ளி தாளில் 64 முதல் 66 வரை பருப்பது இயல்பு. 75ஐத் தொட்டால் பிளாங்கெட் (மையைத் தாளுக்கு மாற்றும் ரப்பர் விரிப்பு), அழுத்தம், மை இறுக்கம் மூன்றையும் பாருங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்கும் வெளிச்சத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். கடைகளில் கிடைக்கும் வெள்ளை எல்இடி பெரும்பாலும் 6500 கெல்வின். அதன் கீழ் எல்லாமே நீலம் பூசியதுபோல் தெரியும். அச்சுக்கான ஒளி டி50, அதாவது 5000 கெல்வின், நிறங்களை உள்ளபடி காட்டும் தரம் (சிஆர்ஐ) 90க்கு மேல். கைப்பேசித் திரையைத் தாளுக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்ட ஓர் அலுவலகம் முழு வேலையையும் திருப்பி அனுப்பியது. ஒப்பமிட்ட புரூவ் (மாதிரி அச்சு) கையில் இல்லாததால் அங்கத்தவரால் ஒன்றும் பேச முடியவில்லை. பூச்சில்லாத தாளில் மை காய்ந்ததும் மங்கும், ஈரத்தாளை வைத்து மையைக் குறைக்காதீர்கள்.

காற்றும் தண்ணீரும்

வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் அடுக்கின் ஓரம் காய்ந்து இறுகும், மாரியில் ஓரம் அலையலையாக எழும். இரண்டிலும் ரெஜிஸ்டர் தாளின் வாலில் (கடைசியில் அச்சாகும் முனை) விரியும். தாளைச் சுற்றுறை பிரிக்காமல் ஒரு நாளாவது மெஷின் அறையில் வையுங்கள், ஈரப்பதம் 50 முதல் 55 வீதம். பிளேட்டை ஈரமாக்கும் தண்ணீரின் பிஎச் (அமிலத்தன்மை அளவு) 4.8 முதல் 5.5 வரை. கரையோரச் சவர்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் ரோலரில் சுண்ணாம்பு படிந்து மை பிடிக்காது, காய்ச்சி வடித்த நீரே நல்லது.

அடுத்த ஆண்டுக்கு

கோப்பு ஏற்கும் படிவம் ஒன்றைக் குழு எழுதி முடித்திருக்கிறது. பிடிஎஃப்/எக்ஸ்-4 (அச்சுக்கான பிடிஎஃப்) வடிவம், புளீட், கறுப்புச் சோதனை, படத் தெளிவு, ஒப்பமிட்ட புரூவ் என்று ஒரே பக்கம்தான். புரூவுக்குத் தனிக் கட்டணம் வாங்குவதா என்பதில் கருத்து ஒத்துவரவில்லை, இன்று சபை தீர்மானிக்க வேண்டும். என் அபிப்பிராயம், வாங்க வேண்டும்: காசு கொடுத்த புரூவைத்தான் ஆட்கள் கவனமாகப் பார்க்கிறார்கள்.

சங்கத்தின் நிறம் அளக்கும் ஸ்பெக்ட்ரோ கருவியை இரவல் எடுப்பவர்கள் பதிவேட்டில் ஒப்பமிட்டு, அளக்குமுன் அதன் வெள்ளை ஓட்டில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஓட்டை விரலால் தொட வேண்டாம், போன முறை மைக்கறையோடு திரும்பி வந்தது.